எறும்புக்கு அடித்த மருந்து

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகருக்கு வடகிழக்கே ரோஸ்வில் என்று ஓர் ஊர். 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்கே புதுப்புதுக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன. வீட்டு முன்னால் புல்தரை, கார் நிறுத்த சிமென்ட் தளம், சுவரை ஒட்டி நடைபாதை என்று எல்லாம் துப்புரவாக இருக்கும் பகுதி. பெரிதாக விவசாயம் இல்லை. நச்சுக்கழிவை ஓடையில் விடும் ஆலையும் இல்லை. இந்த வீடுகளுக்கு நடுவே பிளசன்ட் குரோவ் என்ற சிற்றோடை ஓடுகிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வெஸ்டனும் அவருடைய குழுவினரும் அந்த ஓடையின் அடிமண்ணை எடுத்து வந்து, ஆய்வுக்கூடத்தில் அதன்மேல் சின்னஞ்சிறு நீர்வாழ் உயிர்களை விட்டுப் பார்த்தார்கள்.

எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த உயிர்களுக்கு நஞ்சாக இருந்தன. பாதி மாதிரிகளில் விட்ட உயிர்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக மடிந்தன. ஓடையிலேயே தேடியபோது, வீடுகளின் பாதிப்பு மிகக் குறைந்த இடங்களில் மட்டும் அதே இனம் உயிரோடு இருந்தது. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வு காரணத்தையும் சொன்னது. முதல் குற்றவாளி பைஃபென்த்ரின். துணைக்கு சைஃபுளூத்ரினும் சைபர்மெத்ரினும். மூன்றும் வீட்டுச் சுவரோரத்தில் எறும்புக்கும், புல்தரையில் பூச்சிக்கும் அடிக்கும் மருந்துகள்.

சைபர்மெத்ரின் நமக்குப் புதிய பெயரில்லை. கரப்பான் அடிக்கும் டப்பாக்களின் பின்புறம் சிறிய எழுத்தில் அது இருக்கும். கறையானுக்கு அஸ்திவாரத்தில் ஊற்றும் மருந்துகளில் பைஃபென்த்ரினும் ஒன்று. ரோஸ்வில் ஓடையில் நடந்ததை நாம் கவனமாகப் படிக்க வேண்டியது இதனால்தான். நம் அடுப்படியிலும் மொட்டைமாடியிலும் இருப்பது அதே மூலக்கூறுகள்.

ரோஸ்வில்லின் கதை உண்மையில் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1990களில் கலிஃபோர்னிய நகரங்களின் ஓடை நீரில் நீர்த்தெள்ளுகள் செத்தன. காரணம் டயசினான், குளோர்பைரிபாஸ் என்ற இரண்டு ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள். இரண்டுமே அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் எறும்புக்கும் கறையானுக்கும் சாதாரணமாகப் புழங்கியவை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, முக்கியமாகக் குழந்தைகளின் உடல்நலத்தை எண்ணி, இவற்றின் வீட்டு உபயோகத்தைப் படிப்படியாக நிறுத்த உற்பத்தியாளர்களோடு உடன்பாடு செய்தது. 2004 முடிவோடு தோட்டங்களுக்கான டயசினான் விற்பனையும் நின்றது. கடை அலமாரியில் காலியான இடத்தை பைஃபென்த்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் நிரப்பின. ஒரு நஞ்சு போன வழியிலேயே இன்னொன்று வந்து ஓடையில் படிந்ததைத்தான் வெஸ்டனின் குழு கண்டுபிடித்தது.

பைரித்ராய்டுகளின் மூதாதை ஒரு பூ. சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்த பைரித்ரம் செடியின் காய்ந்த பூவை இடித்த பொடி பூச்சிகளைக் கொல்லும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. பழைய கொசுவர்த்திகள் அந்தப் பொடியில் செய்தவைதான். அதற்கு ஒரு குறை: வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் என்ற வேதியியலாளர் அந்தப் பூவின் மூலக்கூறை வெயில் தாங்கும்படி மாற்றியமைத்தார். 1970களின் முற்பகுதியில் பெர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் அப்படிப் பிறந்தன. மனிதருக்கு ஆபத்து குறைவு, மிகச் சிறிய அளவே போதும், வயலில் நாள்கணக்கில் நிற்கும். அது பெரிய சாதனைதான். கொசுவலைக்குள் நிம்மதியாகத் தூங்கும் கோடிக்கணக்கான பேர் அதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் வெயிலில் சிதையாமல் நிற்கும் அதே குணம்தான் ஓடைக்கு எதிரியாகிறது. வெளிச்சம் எட்டாத அடிமண்ணில் பைஃபென்த்ரின் மாதக்கணக்கில், சில நிலைகளில் ஒரு வருடத்தையும் தாண்டி நிலைக்கிறது.

இது கொல்லும் விதத்தையும் பார்த்துவிடலாம். நரம்பில் செய்தி ஓடும்போது சோடியம் அயனிகள் உள்ளே வர ஒரு நுண்ணிய வாயில் திறந்து உடனே மூடிக்கொள்ளும். பைரித்ராய்டு அந்த வாயிலில் ஒட்டிக்கொண்டு மூட விடாமல் பிடிக்கிறது. நரம்பு ஓய்வின்றித் துடிக்கிறது. பூச்சி மல்லாந்து உதறி விழுகிறது. நம் நரம்பிலும் அதே வகை வாயில்கள் உண்டு. ஆனால் நம்முடைய கல்லீரல் இந்த மூலக்கூறை வேகமாக உடைத்துவிடுகிறது. உடல் சூடும் நமக்குச் சாதகம்: குளிரில்தான் இந்த நஞ்சுக்கு வீரியம் அதிகம். இறால், நண்டு, தட்டானின் நீர்ப்பருவம், நீர்த்தெள்ளு எல்லாம் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். கரப்பானின் நரம்பைத் தாக்குவது இவற்றின் நரம்பையும் விடாது. மீன்களுக்கும் இதை உடைக்கும் திறன் குறைவு; செவுள் வழியே நேராக உள்ளே வாங்கிக்கொள்கின்றன.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஆபத்து இறங்கிவரும். பச்சையைப் பார்த்தால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த நிறம் எப்படி வருகிறது? வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எத்தனை மில்லிகிராம் போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற கணக்கிலிருந்து. அதாவது நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்கான அளவுகோல். வாய்க்காலில் இருக்கும் ஓர் உயிரைப் பற்றி அந்த முக்கோணம் எதுவும் சொல்வதில்லை. எவ்வளவோ பேர் நல்லெண்ணத்தோடு பச்சை முக்கோணம் பார்த்து வாங்கி, தாராளமாக அடித்து, தரையைக் கழுவி விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

வெஸ்டனின் சோதனைகளில் பயன்பட்ட உயிரின் பெயர் ஹயலெல்லா அஸ்டெகா. சில மில்லிமீட்டர் நீளம். சந்தையில் விற்கும் கூனிப்பொடியைப் போல முதுகு வளைந்திருக்கும். வட அமெரிக்க ஓடைகளின் அடியில் மட்கும் இலைதழைகளைத் தின்று வாழும். மீன்குஞ்சுகளுக்கு அது உணவு. லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று நானோகிராம் பைஃபென்த்ரின் இருந்தால் சோதனைத் தொட்டியில் இவற்றில் பாதி விழுந்துவிடும். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கிராம் பைஃபென்த்ரின் 33 கோடி லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 27,000க்கும் மேல் வேண்டும். கறையானுக்கு விற்கும் 2.5 சதவீத பைஃபென்த்ரின் ஒரு லிட்டர் கேனில் 25 கிராம் இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே ஓடைக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பைரித்ராய்டுகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. கரைந்து நிற்பதைவிட வண்டல், களிமண், மட்கு இவற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் இறங்குவதே அவற்றின் இயல்பு. அதனால் மேல்நீரைச் சோதித்தால் சில நேரம் ஒன்றும் தெரியாது. அடிமண்ணில் வாழும் உயிர்களுக்குத்தான் அது முழுதாகப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்துதான் ஓடையின் உணவுச் சங்கிலியும் தொடங்குகிறது.

சுவரோரத்தில் அடித்தது ஓடைக்கு எப்படிப் போகிறது? மண்ணில் விழுந்திருந்தால் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். சிமென்ட் அப்படி விடாது. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிமென்ட் பலகைகளில் பைரித்ராய்டு அடித்து வெளியில் வைத்து, அவ்வப்போது மழை பொழிவித்துப் பார்த்தார்கள். முதல் மழையில் நிறைய வந்தது. மாதங்கள் கழித்து வந்த மழையிலும் விடாமல் வந்தது. சிமென்டின் நுண்துளைகளில் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, தூசியில் ஏறிக்கொண்டும் போகிறது. வாசலில் அடித்த மருந்து இரண்டு வாரத்தில் ‘போய்விட்டது’ என்று நாம் நினைக்கிறோம். எறும்பைக் கொல்லும் அளவுதான் போயிருக்கிறது.

பெரும்பாலான கலிஃபோர்னிய நகரங்களில் மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனி. வடிகால் நீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகும். நம் ஊரிலும் மழைநீர் வடிகாலின் வேலை அதுதான். சென்னைத் தெருவில் விழுந்த மழை கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ, தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கோ போய்ச் சேரும். நம் ஆறுகளுக்குச் சாக்கடை என்ற மிகப் பெரிய துன்பம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் எறும்பு மருந்து பொருட்டா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சாக்கடை ஆற்றை மீட்க அரசு வேண்டும், ஆயிரக்கணக்கான கோடி வேண்டும், பல வருடம் வேண்டும். இதற்கு அப்படி எதுவும் தேவையில்லை. ஒரு வீட்டுக்காரரோ ஒரு குடியிருப்புச் சங்கமோ ஒரு மாலையில் முடிவெடுத்தால் போதும். ஊருக்கு ஊர் இருக்கும் ஏரிகளும் குளங்களும் எல்லாமே கூவமாகிவிடவில்லை. தட்டான் பறக்கும் நீர்நிலைகள் இன்னும் எத்தனையோ உண்டு.

வடிகாலில் விடாமல் கழிப்பறையில் ஊற்றினால் தப்பலாமா? முடியாது. சாக்ரமென்டோவில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரிலும் பைரித்ராய்டு இருந்ததை வெஸ்டன் பின்னர் காட்டினார். சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் சோப்பையும் சிதைக்கக் கட்டப்பட்டவை. இன்னும் வியப்பான செய்தி இங்கிலாந்திலிருந்து வந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ்மேரி பெர்கின்ஸ், டேவ் கூல்சன் முதலியோர் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட நீர்ச் சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து இருந்தது. மூன்றில் இரண்டு பங்கில் இமிடாகுளோப்ரிட் என்ற இன்னொன்று. அந்நாட்டு வயல்களில் ஃபிப்ரோனில் அடிப்பதில்லை. நாய்க்கும் பூனைக்கும் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தில்தான் அது இருந்தது. குளிப்பாட்டும்போது, படுக்கையைத் துவைக்கும்போது, தடவிக்கொடுத்த கையைக் கழுவும்போது அது ஆற்றை அடைகிறது. நம் வீடுகளிலும் நாய்க்குச் சொட்டு மருந்து விடுவது பரவிவிட்டது. உண்ணி இருந்தால் விடத்தான் வேண்டும். கால்நடை மருத்துவர் சொன்ன இடைவெளியில், சொன்ன அளவில். இல்லாத உண்ணிக்கு மாதாமாதம் விட அவசியமில்லை.

கலிஃபோர்னியா 2012இல் ஒரு விதி கொண்டுவந்தது. தொழில்முறையில் மருந்து அடிப்பவர்கள் சிமென்ட் தளங்களில் பைரித்ராய்டைப் பரவலாகத் தெளிக்கக் கூடாது. விரிசல், இடுக்கு, குறிப்பிட்ட சிறு இடம் என்று மட்டுமே அடிக்கலாம். மழை பெய்யும்போதும் நீர் தேங்கிய இடத்திலும் கூடவே கூடாது. நல்ல விதி. ஆனால் கடையில் டப்பா வாங்கித் தானே அடிக்கும் வீட்டுக்காரரை அது தொடவில்லை. இதற்கிடையில் எறும்புக்கு ஃபிப்ரோனில் அடிப்பது பெருகி, ஓடைகளில் அதுவும் அதன் சிதைவுப் பொருள்களும் தென்படத் தொடங்கின. டயசினான் போய் பைரித்ராய்டு, பைரித்ராய்டுக்குத் துணையாக ஃபிப்ரோனில். டப்பாவின் பெயரை மாற்றிக்கொண்டே போவதால் ஓடைக்கு விடிவில்லை என்று நான் நம்புவது இந்த வரலாற்றைப் பார்த்துத்தான். மாற வேண்டியது நாம் மருந்தை வைக்கும் இடமும் விதமும்.

அந்த ஓடைகளின் ஹயலெல்லாக்களைப் பற்றி 2013இல் வெஸ்டனும் மரபியலாளர்களும் வெளியிட்ட செய்தி என்னை மிகவும் கலங்கடித்தது. மருந்து படிந்த சில ஓடைகளில் இந்த உயிர்கள் சாகாமல் பெருகியிருந்தன. சோதித்தால், அவற்றின் சோடியம் வாயிலில் பைரித்ராய்டு ஒட்ட முடியாதபடி மரபணு மாறியிருந்தது. எதிர்ப்புத்திறன் பெற்ற கொசுவிலும் ஈயிலும் காணும் அதே வகை மாற்றம். சாதாரண ஹயலெல்லாவைவிட நூறு மடங்குக்கும் மேல் தாங்கும் சக்தி. யாரும் கொல்ல நினைக்காத ஓர் உயிர், தலைமுறை தலைமுறையாகச் செத்து, தப்பியவற்றின் வழியே இந்த நிலைக்கு வந்திருக்கிறது. அது பிழைத்துக்கொண்டதே என்று மகிழ முடியவில்லை. தாங்கும் உயிர் தன் உடலில் அதிக நஞ்சைச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். அதைத் தின்பது மீன்.

சரி, எறும்பு வந்தால் என்ன செய்வது? கண்ணில் படும் எறும்பு, புற்றின் மிகச் சிறு பகுதி. உணவு தேட வெளியே வந்த வேலைக்காரிகள். மருந்து அடித்தால் அவை சாகும். ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். எறும்பு தான் உறிஞ்சிய இனிப்பைப் புற்றுக்குக் கொண்டுபோய் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 100 மில்லி வெந்நீரில் ஒரு கிராம் போரிக் பவுடர், பத்து இருபது கிராம் சர்க்கரை. பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து மூடி, எறும்பு வரிசையின் ஓரத்தில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கலாம். கேரம் பலகையில் தூவும் அதே போரிக் பவுடர்தான், ஆனால் தின்றால் குழந்தைக்கு நஞ்சு, ஜாக்கிரதை வேண்டும். அளவைக் கூட்டக் கூடாது. உடனே கொன்றுவிட்டால் எறும்பு புற்றுக்குப் போய்ச் சேராது. இரண்டொரு நாள் எறும்பு கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரிசையை சோப்புத் தண்ணீரால் துடைத்து, வரும் துளையை வெள்ளை சிமென்டால் அடைத்துவிடலாம். பிள்ளையார் எறும்புக்கு இந்தச் சிரமமும் வேண்டாம். கடிக்காது, தானே போய்விடும்.

கரப்பானுக்கும் இதே வழி. கடையில் கிடைக்கும் ஜெல்லை கீல், அலமாரி மூலை, ஃபிரிட்ஜின் அடி ஆகிய இடங்களில் மிளகு அளவுக்குப் பொட்டுப்பொட்டாக வைத்தால் போதும். அதிலும் ஃபிப்ரோனிலோ இமிடாகுளோப்ரிடோ இருக்கும் என்பது உண்மை. ஆனால் அளவு மிகக் குறைவு; துடைத்துக் கழுவும் தரையில் இல்லாமல் இடுக்கில் இருப்பதால் சாக்கடைக்குப் போக வழியும் குறைவு. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்துவிட வேண்டாம். பைரித்ராய்டு வாடை கரப்பானை விரட்டும். ஜெல்லைத் தின்ன வராமல் அது வேறு அறைக்கு ஓடும்.

கொசு விஷயத்தில் யாரையும் பாதுகாப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். டெங்கு உயிரைப் பறிக்கும் நோய். ஆனால் டெங்குக் கொசு நம் வீட்டுத் தண்ணீரிலேயே பிறக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொட்டாங்குச்சி, பழைய டயர், மூடாத சிமென்ட் தொட்டி இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டால் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சைக்கும் இடமில்லை. பைரித்ராய்டு கலந்த நீர், தட்டானின் இளம்பருவத்தையும் நீர்வண்டுகளையும் கொல்லும். கொசுப்புழுவைத் தின்று நமக்காக உழைப்பவை அவைதான்.

மாடித்தோட்டத்துக்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. பஞ்சு போன்ற மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. விவசாயிகள் திரும்பத் திரும்ப அடித்தும் அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அவற்றில் ஆசிரோபாகஸ் பப்பாயே என்ற குளவி சில மாதங்களில் மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. மருந்து அடித்த இடத்தில் இந்தக் குளவியும் சாகும். எனவே செம்பருத்தியில் வெள்ளை கண்டதும் டப்பாவைத் தேட வேண்டாம். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பார்க்கலாம். மோசமான கிளையை வெட்டலாம். பிறகும் நின்றால் சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெயை மாலையில், அந்தச் செடிக்கு மட்டும் தெளிக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு வர சில நாள் பிடிக்கும், பொறுத்திருக்கலாம்.

கறையான் மட்டும் கொஞ்சம் கடினம். கதவு நிலை போய்க்கொண்டிருக்கும்போது பொறுமையாக இரு என்று சொல்ல முடியாது. அங்கே மருந்து வேண்டியிருந்தால், துளையிட்டு மண்ணுக்குள் இறக்கி உடனே துளையை அடைக்கும் முறையைக் கேளுங்கள். தரைமேல் வழியவிடக் கூடாது, மழைக்காலம் தொடங்கும் வாரத்தில் வேண்டாம். ஐப்பசியில் முதல் பெருமழை எல்லாவற்றையும் ஒரே நாளில் வடிகாலில் சேர்த்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கும் வருட ஒப்பந்தம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பூச்சி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து படிக்கட்டு, நடைபாதை, கார் நிறுத்துமிடம் என்று நீளமாக அடித்துவிட்டுப் போவார். மறுநாள் காலை அதே தளத்தைக் குழாய் வைத்துக் கழுவுவார்கள். சங்கக் கூட்டத்தில் இதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். முதலில் ஆய்வு, பூச்சி கண்ட இடத்தில் மட்டும் ஜெல் அல்லது இரை, வெளித்தளத்தில் தெளிப்பே இல்லை, அடித்தால் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். மீந்துபோன மருந்தையும் காலி டப்பாவையும் தொட்டியில் கழுவாமல் தனியே கட்டி, வீட்டு அபாயக் கழிவாகக் கொடுக்க திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இடமிருக்கிறது. அதற்கென ஒரு பெட்டியைக் காவலாளி அறைப் பக்கம் வைக்கும்படியும் அதே கூட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம்.